விசுக்கோத்துத் தகரத்தில் ஒரு சாம்ராச்சியம்

எங்கள் வீட்டு றங்குப் பெட்டியின் அடியில் ஒரு பழைய விசுக்கோத்துத் தகரம் இருக்கிறது. மூடியிலிருந்த படம் மங்கி மறைந்து பல காலமாயிற்று. அதற்குள் இருபத்து மூன்று காசுகள் கிடக்கின்றன. எல்லாம் வெண்கலம், ஒன்றேனும் சட்டைப் பொத்தானிலும் பெரிதன்று. தராசிலிட்டால் ஒரு கிராமுக்குச் சற்று மேலும் கீழுமாய் நிற்கும். விற்கப் போனால் ஒரு வாரத்துச் சாமான் வாங்கவும் போதாது. ஆயினும் இவை ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் காசுகள். இற்றைக்கு ஏறக்குறைய ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் மத்தியதரைக் கடலோரத்து நகரங்களில் அச்சடிக்கப்பட்டு, எத்தனையோ கைகள் மாறி, எங்கள் மன்னார்க் கரையில் வந்து இறங்கியவை.

இவற்றைச் சேர்த்தவர் என் பாட்டனார். முப்பதுகளில் மன்னார்ப் பகுதியில் ஆசிரியராக இருந்தவர். மாரி மழை பெய்து ஓய்ந்தபின் மாதோட்டத்து மேட்டு நிலங்களிலே மண் கரைந்து, மணிகளும் ஓட்டுத் துண்டுகளும் காசுகளும் வெளியே தலைகாட்டும். மாடு மேய்க்கும் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி வாத்தியாரிடம் கொண்டுவந்து கொடுப்பார்களாம். அவர் ஒவ்வொன்றையும் ஒரு சிறு கடதாசித் துண்டில் மடித்து, பென்சிலால் ஏதோ எழுதி, இந்தத் தகரத்துள் இடுவார். அவர் எழுதியது என்னவென்று அக்காலத்தில் நான் கேட்டவனல்லன்.

1963ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. பாடசாலை விடுமுறை. வீட்டிலே பித்தளைக் குத்துவிளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். புளியும் சாம்பலும் பட்டவுடன் விளக்குப் பொன்போல் மின்னுவதைக் கண்ட எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. பாட்டனார் பகற்றூக்கத்தில் இருந்தார். தகரத்தைத் திறந்தேன். பொட்டலங்களை அவிழ்த்தேன். கறுப்பும் பச்சையுமாய்க் கிடந்த காசுகள் எல்லாவற்றையும் புளியில் ஊறவைத்து, தேங்காய்த் தும்பினால் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்றும் புதுச் செம்பாய்ச் சிவந்துவிட்டன. பெருமையோடு கொண்டுபோய் அவருடைய சாய்மனைக் கதிரையின் கையில் வரிசையாக அடுக்கி வைத்தேன்.

அவர் விழித்துப் பார்த்தார். ஒன்றை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், கீழே வைத்தார். அடிப்பாரென்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"கடதாசியள் எங்கை, தம்பி?" என்று மாத்திரம் கேட்டார்.

"அடுப்பிலை போட்டிட்டன், அப்பு."

அதன்பின் அவர் அந்தத் தகரத்தைத் திறந்து நான் கண்டதில்லை.

சின்னக் காசின் பெரிய குடும்பம்

ரோமர்களின் செப்பு, வெண்கல நாணயங்கள் எப்போதும் இத்துணைச் சிறியனவாய் இருந்தன என்று எண்ணிவிடலாகாது. ஆதியில் அவர்கள் வார்த்த 'ஆஸ்' என்னும் காசு ஏறக்குறைய ஒரு ரோம இறாத்தல் நிறையுடையது. இன்றைய கணக்கில் முந்நூறு கிராமுக்கு மேல். ஒரு பக்கத்தில் இருமுகக் கடவுளாகிய ஜானஸ்; மறுபக்கத்திற் கப்பலின் முன்னணியம். பத்துக் காசுக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டவன் கூடையைச் சாமானுக்காகக் கொண்டுபோனானா, காசுக்காகக் கொண்டுபோனானா என்று வேடிக்கையாகக் கேட்கலாம். காலப்போக்கில் அந்தக் காசு தேய்ந்து சுருங்கிற்று.

ஒகஸ்தஸ் சக்கரவர்த்தி கிறிஸ்துவுக்கு முன் 23ஆம் ஆண்டளவில் நாணய முறையைத் திருத்தியமைத்தார். அவர் ஏற்படுத்திய 'செஸ்தேர்த்தியஸ்' என்னும் பித்தளைக் காசே சேகரிப்போர் உள்ளத்தைக் கவரும் அரசன் எனலாம். விட்டம் முப்பது மில்லிமீற்றருக்கு மேல். நிறை இருபத்தைந்து கிராம் வரை. அத்துணை அகன்ற தட்டிலே சிற்பி தன் கைவரிசை முழுவதையும் காட்டினான். நீரோவின் காசொன்றில் ஒஸ்தியாத் துறைமுகம் கப்பல்களோடு காட்சி தருகிறது. தீத்துஸ் வெளியிட்ட காசிலே கொலோசியம் அரங்கு, கூட்டம் நிறைந்திருக்கப் பறவைப் பார்வையில் தெரிகிறது. பத்திரிகையும் வானொலியும் இல்லாத உலகில், அரசன் தன் முகத்தையும் வெற்றியையும் குடிகளின் கைக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்த வழி இது. தங்கம் தனவந்தனின் பெட்டியில் உறங்கும். பாண் வாங்குகிறவன் கையில் இருப்பது செம்பே. ஆகவே அரசன் சொல்ல விரும்பியதைச் செம்பிலே சொன்னான்.

அதை மக்கள் எவ்வளவு கருத்தோடு பார்த்தார்கள் என்பதற்குக் கலிகுலாவின் கதை சான்று. அந்தக் கொடியவன் கொலையுண்டபின், அவனுடைய உருவம் தாங்கிய செப்புக் காசுகளை உருக்கிவிடும்படி மூதவை ஆணையிட்டதென்று தியோ காசியஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதிவைத்தார். ஆணை முற்றாக நிறைவேறவில்லை. கலிகுலாவின் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. செம்பு விலை பெற்ற பொருள். முகம் பிடிக்காவிட்டாலும் காசை எறிந்துவிட எவருக்கு மனம் வரும்?

நான்காம் நூற்றாண்டுக் காசுகளுக்கு வருவோம். சேகரிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஏனெனில் இவை இலட்சக்கணக்கில் கிடைப்பவை, விலையும் மலிவு. தியோக்கிளேசியன் 294ஆம் ஆண்டளவில் பத்துக் கிராம் நிறையில் ஒரு பெரிய வெண்கலக் காசை வெளியிட்டார். விலைவாசி ஏறிற்று, காசு இளைத்தது. 301ஆம் ஆண்டில் பொருள்களுக்கெல்லாம் உச்ச விலை விதித்து அவர் பிறப்பித்த கட்டளையும் ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தவில்லை. கொன்ஸ்தாந்தீன் காலத்தில் அது விரல் நக அளவாயிற்று. நூறாண்டு கழிந்து, தியோதோசியஸ் மக்களாகிய ஆர்க்காதியசும் ஹொனோரியசும் கிழக்கையும் மேற்கையும் பங்கிட்டு ஆண்டபோது, பத்தில் ஒரு பங்கு நிறையுடைய துணுக்கு மாத்திரமே எஞ்சியிருந்தது. எங்கள் தகரத்துக் காசுகள் இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

ஆனால் துணுக்கென்று இகழ வேண்டாம். அதிலும் ஒரு பக்கத்தில் முத்துமுடி தரித்த அரசன் முகம், சுற்றிவரப் பெயர். மறுபக்கத்தில் அந்தந்தக் காலத்து அரசியல். 330ஆம் ஆண்டிலே கொன்ஸ்தாந்திநோபிள் திருநிலைப்படுத்தப்பட்டபோது வெளிவந்த காசுகளில் ஒருவகையில் ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டுகிறது. அது பழைய ரோமுக்கு மரியாதை. 348ஆம் ஆண்டளவில் ரோமாபுரி தோன்றி ஆயிரத்து நூறு ஆண்டு நிறைந்ததையொட்டி, 'நற்காலம் மீண்டது' என்ற வாசகத்தோடு ஒரு காசு வந்தது. அதிலே ரோமப் படைவீரன் ஒருவன் குதிரையிலிருந்து விழுந்த பகைவனை ஈட்டியாற் குத்துகிறான். நற்காலத்துக்கு அவர்கள் கொடுத்த விளக்கம் அதுவே! 'குடியரசின் நலம்' என்று எழுதிய இன்னொரு காசிலே வெற்றித் தேவதை ஒரு கைதியைத் தலைமயிரிற் பிடித்து இழுத்துச் செல்கிறாள். 410ஆம் ஆண்டிலே கோத்தர்கள் ரோமாபுரியைக் கொள்ளையிட்டபின்னும், இப்படியான வெற்றிக் காசுகள் வெளிவருவது நிற்கவில்லை.

காசின் அடியில், படத்துக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மூன்று நான்கு எழுத்துக்கள். அவை அக்கசாலையின் அடையாளம். அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, நிக்கோமீடியா, சீசிக்கஸ், தெசலோனிக்கா என ஒவ்வொரு நகருக்கும் ஒரு குறி. அதோடு அந்த அக்கசாலையின் எந்தப் பிரிவு அச்சிட்டது என்பதற்குத் தனி எழுத்து. குற்றம் கண்டால் எந்தத் தொழிலாளர் குழுவைப் பிடிப்பதென்று மேலதிகாரிக்குத் தெரியவேண்டுமல்லவா? இன்றைய சேகரிப்பாளனுக்கு அந்த மூன்றெழுத்துத்தான் உயிர். என் தகரத்தில் மூன்றெழுத்தும் தெளிவாகத் தெரியும் காசு ஒன்றுகூட இல்லை. தேங்காய்த் தும்பு அவ்வளவு திறமையாக வேலை செய்திருக்கிறது.

எப்படி இங்கு வந்தன?

பிளினி என்னும் ரோம ஆசிரியர் ஒரு கதை சொல்கிறார். செங்கடற் பகுதியின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளொக்காமஸ் என்பவனுடைய ஆள் ஒருவன், அராபியாவைச் சுற்றிக் கப்பலிற் போகையில், காற்றால் அடியுண்டு பதினைந்தாம் நாள் தப்ரபேன் என்று அவர்கள் அழைத்த நம் தீவின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான். ஆறு மாதம் தங்கி மொழியைக் கற்றான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை மன்னன் பார்த்தான். முகங்கள் வெவ்வேறு, அரசர்கள் வெவ்வேறு, ஆயினும் நிறை ஒன்றே. இவ்வளவு நேர்மையுள்ள நாட்டோடு உறவு கொள்ளவேண்டுமென்று நான்கு தூதரைக் கிளோடியஸ் சக்கரவர்த்தியிடம் அனுப்பினான். கதையில் எவ்வளவு மெருகு சேர்ந்ததோ! ஆனால் அன்னியஸ் புளொக்காமஸ் மெய்யாகவே வாழ்ந்தவன். அவனுடைய அடிமையொருவன் எகிப்தின் பாலைவன வழியிலே, கிறிஸ்துவுக்குப் பின் 6ஆம் ஆண்டில், பாறையிலே தன் பெயரையும் எசமான் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறான்.

வேடிக்கை என்னவெனில், அந்த முதல் நூற்றாண்டு வெள்ளியும் பொன்னும் தென்னிந்தியாவிலே குடம் குடமாகக் கிடைத்திருக்க, நம் தீவிலே அவை மிக அருமை. இங்கே கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை நான்காம் ஐந்தாம் நூற்றாண்டு வெண்கலச் சிறு காசுகளே. சிவில் சேவையிலிருந்த கொட்றிங்ரன் 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலே இவற்றுக்கெனத் தனியிடம் ஒதுக்கியிருக்கிறார். சிகிரியாவில் ஒரு பெரும் புதையல் கிடைத்தது. அநுராதபுரத்திலும் தென்கரையிலும் கிடைத்தன. மாதோட்டத்தில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடைபெற்ற அகழ்வு, அத்துறைமுகம் மேற்கோடும் கிழக்கோடும் எத்தனை நூற்றாண்டு வணிகம் நடத்திற்று என்பதை மண்ணடுக்குகள் வழியே காட்டிற்று. தமிழ்நாட்டிலும் கரூர், மதுரைப் பகுதிகளில் இதே வகைச் செப்புக் காசுகள் கிடைத்தன; அவற்றை இரா. கிருஷ்ணமூர்த்தி 1994ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார்.

மிளகுக்கும் முத்துக்கும் பொன் கொடுத்தவர்கள், பிச்சைக்காரனும் எண்ணிப் பார்க்காத இந்தச் செப்புத் துணுக்குகளை ஏன் கப்பலேற்றினார்கள்? பழஞ்செம்பு என நிறைக்கு விற்கக் கொண்டுவந்தார்கள் என்போர் உளர். இங்குள்ள சந்தைக்குச் சில்லறை வேண்டியிருந்தது, அதற்காகவே வந்தன என்போரும் உளர். ஜெர்மானிய ஆய்வாளரான றைன்ஹோல்ட் வால்பூர்க் 2008ஆம் ஆண்டில் இலங்கைப் பழங்காசுகளைப் பற்றித் தடித்த நூலொன்று எழுதி, இக்கேள்வியை மீண்டும் கிளறிவிட்டார்.

எனக்கோ சந்தைக் கட்சியின்பால் மனம் சாய்கிறது. அதற்குக் காரணம் போலிக் காசுகள். ரோமக் காசுகளைப் பார்த்து இத்தீவிலேயே செய்த காசுகள் ஏராளம். அவற்றிலே அரசன் முகம் குழந்தை வரைந்த படம் போலிருக்கும். சுற்றியுள்ள லத்தீன் எழுத்துக்கள் வெறும் கோடும் புள்ளியுமாய் மாறியிருக்கும். எழுத்தறியாத கொல்லன் எழுத்தின் சாயலை மாத்திரம் எடுத்துக்கொண்டான். வெறும் உலோகத்துக்காக வாங்கியிருந்தால் அச்சைப் பார்த்து அச்செடுக்கும் சிரமம் எதற்கு? சந்தையிலே அந்த முகத்துக்கு ஒரு மதிப்பு இருந்திருக்க வேண்டும். ஹொனோரியஸ் என்ற பெயரையே கேட்டறியாத ஒரு கிழவி, அவன் முகத்தைக் கொடுத்து உப்பு வாங்கியிருப்பாள்.

சேகரிப்போர் வழியும் பிழையும்

பழங்காசு சேர்க்கும் ஆசை புதியதன்று. ஒகஸ்தஸ் தாமே விழா நாட்களில் பழைய அரசர்களின் காசுகளையும் அந்நிய தேசக் காசுகளையும் நண்பர்க்குப் பரிசளித்தாரென்று சுவெத்தோனியஸ் எழுதுகிறார். கவிஞர் பெத்ராக் 1354ஆம் ஆண்டில் நான்காம் சாள்ஸ் மன்னரைச் சந்தித்தபோது, சீசர்களின் முகம் பொறித்த காசுகளை அளித்து, இவர்களைப் போல் ஆளும் என்று சொல்லி வைத்தார். அறிவுரைக்கு அதைவிட நல்ல உறை கிடையாது.

ஆசை பெருகியவிடத்துப் போலியும் பெருகும். பதினாறாம் நூற்றாண்டிலே பாதுவா நகரத்து ஜொவானி தா கவீனோ என்பவர் பெரிய பித்தளைக் காசுகளைப் பார்த்துத் தாமே அச்சுச் செதுக்கி அடித்தவை, பிற்காலத்தவர் பலரை ஏமாற்றின. இன்று அவருடைய போலிகளுக்கே தனி விலை உண்டு; ஏமாற்றும் நூறாண்டு கடந்தால் கலையாகிவிடுகிறது போலும். வார்ப்புப் போலியைக் கண்டறிய ஓரத்தைப் பார்க்கவேண்டும். மெய்க் காசு இரண்டு அச்சுக்களுக்கிடையே சம்மட்டியால் அடிக்கப்பட்டது. வார்த்ததற்கோ ஓரத்தைச் சுற்றி ஒரு பொருத்துக் கோடும், முகத்தில் ஊசி குத்தினாற்போன்ற காற்றுக் குழிகளும் இருக்கும். இதைவிடச் சூழ்ச்சியானது, தேய்ந்த மெய்க் காசை எடுத்து மறுபடி செதுக்கித் தலைமயிரையும் இலைமாலையையும் கூர்மையாக்கிவிடுவது. காசு மெய், முகம் பொய்.

துலக்குவது பற்றி நான் சொல்லத் தகுந்தவன். செய்யத் தகாததைச் செய்தவனல்லவா! செம்பு மண்ணிற் கிடக்கும்போது அதன்மேல் மெல்லிய களிம்புத் தோல் வளர்கிறது. கறுப்பு, பழுப்பு, கரும்பச்சை என மண்ணுக்கேற்ற நிறம். பல காசுகளில் உள்ளிருக்கும் உலோகம் அரித்துப் போனபின், எழுத்தும் முகமும் அந்தத் தோலில் மாத்திரமே நிலைத்து நிற்கின்றன. புளியில் உள்ள அமிலம் அந்தத் தோலைக் கரைக்கிறது. தோல் போனால் முகமும் போயிற்று. குத்துவிளக்குக்கு அது குளியல். பழங்காசுக்கு அது தோலுரிப்பு.

அறிந்தவர்கள் காய்ச்சி வடித்த நீரில் நாட்கணக்காக, வாரக்கணக்காகக்கூட ஊறவிட்டு, நீரை மாற்றிக்கொண்டேயிருப்பார்கள். பின் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, மரக்குச்சியால் மண்ணை மாத்திரம் மெல்ல நீக்குவார்கள். பொறுமையில்லாதவனுக்கு இக்கலை ஆகாது. இன்னொரு நோயும் உண்டு: வெளிறிய பச்சை நிறத்தில் மாப்போல் உதிரும் புள்ளிகள். மண்ணிலும் கடலுப்பிலும் உள்ள குளோரைட்டு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் அரிப்பு அது. கவனியாது விட்டால் காசு முழுவதையும் தின்றுவிடும். அவ்வாறான காசைத் தனியே பிரித்து வைப்பதும், ஈரம் அணுகாத இடத்தில் பேணுவதும் அவசியம். எங்கள் கரையோரத்துப் புழுக்கத்தில் இது எளிதன்று. என் தகரத்தில் இரண்டு காசு அந்த நோய்க்குப் பலியாகி, இன்று பச்சைப் பொடியோடு பாதி வட்டமாய் நிற்கின்றன.

வயலில் கிடைத்த குடம்

நோயும் போலியும் புளியும் ஒருபுறமிருக்க, கடதாசியை அடுப்பில் இட்டதே பெரும் பிழை என்பதை நான் அறிந்துகொள்ள அரை வாழ்நாள் ஆயிற்று. எழுபதுகளிலே கொழும்பில், நாணயவியல் அறிந்த பெரியவர் ஒருவரிடம் தகரத்தைக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். ஆர்க்காதியஸ் என ஒன்றை இனங்கண்டார். கைதியை இழுக்கும் வெற்றித் தேவதை இரண்டில் நிழலாய்த் தெரிந்தாள். மாலைக்குள் சிலுவை வைத்த உள்நாட்டுப் போலிகள் மூன்று. ஒன்பதுக்கு மேல் ஒன்றும் சொல்லமுடியாதென்று கண்ணாடியை வைத்துவிட்டு, "இவை எந்த இடத்திற் கிடைத்தவை? எல்லாம் ஒரே இடமா? ஒன்றாய்க் கிடந்தனவா, சிதறிக் கிடந்தனவா?" என்று கேட்டார். மாதோட்டப் பக்கம் என்றேன். "பக்கம்" என்று அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியின் பொருளை 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே நடந்த ஒரு சம்பவம் எனக்கு விளக்கிற்று. சமசெற் மாகாணத்தில் புறூம் என்னும் ஊருக்கு அருகே, மருத்துவமனையிற் சமையற்காரராய் வேலை செய்த ஒருவர் உலோகங் காட்டும் கருவியோடு வயலொன்றில் நடந்தார். கருவி ஒலித்தது. தோண்டினார், சிறிய ரோமக் காசுகளும் ஒரு குடத்தின் வாயும் தெரிந்தன. எந்தச் சேகரிப்பாளனுக்கும் கை துடிக்கும் நேரம். அவர் தோண்டுவதை நிறுத்தி, குழியை மூடிவிட்டு, தொல்பொருள் அலுவலரை அழைத்தார்.

அகழ்வாளர் குடத்தை அப்படியே தூக்கவில்லை. தூக்கவும் முடியாது, காசின் நிறை மாத்திரம் 160 கிலோ. அடுக்கு அடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிப் பையில் இட்டுக் குறித்தார்கள். எண்ணி முடித்தபோது 52,503 காசு. மூன்றாம் நூற்றாண்டின் மட்டமான சிறு காசுகளே அனைத்தும், ஒருசில வெள்ளி நீங்கலாக. அவற்றுட் பிந்தியவை, பிரித்தானியாவிலே தனியரசு நடத்திய கரோசியஸ் என்பவனுடையவை. அவை மேலே இருக்கவேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அவற்றுட் பல குடத்தின் கீழ்ப்பாகத்திலேயே கிடந்தன. ஆகவே, ஆண்டாண்டாய்ச் சேர்த்த உண்டியல் அன்று அது. பலவிடத்துக் காசுகளை ஒரே சமயத்தில் ஊற்றிப் புதைத்திருக்கிறார்கள். குடமோ மெல்லியது. முதலில் மண்ணில் பதித்துவிட்டுப் பின்னரே நிரப்பியிருக்கவேண்டும். திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாத காணிக்கையாக இருக்கலாமென்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இத்தனை செய்தியும் காசுகளில் எழுதியிருந்ததன்று. அவை கிடந்த ஒழுங்கில் இருந்தது. ஒரு மனிதன் அவசரப்பட்டு வாளியில் அள்ளியிருந்தால், ஐம்பதினாயிரம் காசும் மிஞ்சும், செய்தி போய்விடும். அந்நாட்டு நூதனசாலை பின்னர் 320,250 பவுண் கொடுத்து அதை வாங்கியது. பணம் கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்குமாய்ப் பங்காயிற்று.

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தின் மேலோ அடியிலோ நீரிலோ கண்டுபிடிக்கப்படாதிருக்கும் தொல்பொருள்கள் அரசுக்கே உரியன. தற்செயலாகக் கண்டெடுத்தவர் அறிவித்தாகவேண்டும். அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோதல் குற்றம். இதை அறியாமலோ அறிந்தோ, கருவி கொண்டு தோண்டுவோர் இன்றும் உண்டு. வீட்டிலே காசு சேர்க்கும் ஆசையுள்ள பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. 1923ஆம் ஆண்டில் மத்திங்லியும் சிடென்ஹமும் தொடக்கிவைத்த ரோமச் சக்கரவர்த்திகளின் நாணய வரிசை நூல், 1994ஆம் ஆண்டில் பத்தாம் தொகுதி கண்டது. அதன் பட்டியலை அமெரிக்க நாணயவியற் சங்கம் இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி அமைத்திருக்கிறது. என் பேர்த்தி அதிலே எங்கள் ஆர்க்காதியசின் தமையன்மாரைத் தேடிக் கண்டுபிடித்து, "இவருக்கு மூக்கு இருக்கு, அப்பப்பா. எங்கடை ஆளுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டாள். சொல்லவேண்டியதாயிற்று.

கனடாவிலிருக்கும் என் தங்கை, பாட்டனார் நினைவாக ஒரு காசை அனுப்பு, சங்கிலியிற் கோத்துப் போடுகிறேன் என்று கேட்டு எழுதினாள். அவள் கேட்டதில் பிழையில்லை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது, உடுத்த துணியோடு புறப்பட்ட எங்கள் அம்மா அந்தத் தகரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். தங்கை அவர் கூடவே நடந்தவள். நான் சட்டத்தைச் சொன்னேன். அவள் ஒரு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். தகரத்தை உரிய திணைக்களத்திடம் காட்டிப் பதிந்துகொள்வதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

அதற்காகச் சென்ற மாதம் தகரத்தை வெறுமையாக்கித் துடைத்தேன். அடியில் ஒட்டியிருந்த பழைய வெள்ளைத் தாள் நைந்து கழன்றது. அதன் கீழே நாலாய் மடித்த சிறு கடதாசித் துண்டு ஒன்று. பென்சில் எழுத்து மங்கவில்லை. பாட்டனாரின் சாய்ந்த கையெழுத்து:

"பாலாவிக்கு மேற்கே, மழைக்குப் பின், மூன்று காசும் ஒன்றாய்."

இருபத்து மூன்று காசுகளையும் மேசைமேல் பரப்பி, என் பேர்த்தியும் நானும் இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மூன்றும் எவை என்று எங்களாற் சொல்ல முடியவில்லை.